நகர்ந்து உட்கார்ந்த பத்து ரூபாய் அம்மன்

ஐதராபாத்தின் போலாரத்தில் ஒரு பழைய வீட்டின் பூஜையறையில், ஒரு பத்து ரூபாய் நாணயத்தைக் கும்பிட்டபடி நான் நின்றுகொண்டிருந்தேன்.

கண்ணை மூடவில்லை. மூடினால் நாணயத்தில் குங்குமம் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று பார்க்க முடியாது. அம்மனின் முகத்தில் ஏறவில்லை. விளிம்பில் மட்டும் கொஞ்சம். அதைப் பார்த்து என் வாயிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது.

பின்னால் நின்ற பத்மா மாமி, "அடாடா, இத்தனை பக்தியா உங்களுக்கு? கோமதி சொன்னதே இல்லையே" என்றார்.

கோமதி என் மனைவி. என் பக்தியைப் பற்றி அவள் எங்கும் பேச மாட்டாள். இல்லாத பொருளைப் பற்றி என்ன பேசுவது?

விஷயம் இதுதான். அந்த நாணயம் என்னுடையது. சில நாட்களுக்கு முன்புவரை என்னுடையது. ஞாயிற்றுக்கிழமைக்குள் அது எனக்குத் திரும்ப வேண்டும். ஆனால் கேட்கக் கூடாது. கேட்டால் வீட்டுக்குத் திரும்பி வரக் கூடாது என்பது கோமதியின் உத்தரவு. கும்பிட்ட கையை ஒரு முழம் நீட்டினால் எடுத்துவிடலாம். அந்த ஒரு முழத்தை எப்படிக் கடப்பது என்று தெரியாமல், சாமி கும்பிடுகிறவன்போல நின்றேன்.

சென்ற வாரம் என் ஸ்கூட்டர் கதையைப் படித்துவிட்டு, "இந்த மனிதருக்கு எப்போதுதான் புத்தி வரும்?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். இந்த வாரமும் வரவில்லை அம்மா. கொஞ்சம் பொறுங்கள்.

தப்பாக அடித்தால் மவுசு

மத்திய அரசு நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். என்னோடு ஓய்வு பெற்றவர்களுக்குச் சர்க்கரை வந்தது. எனக்குச் சில்லறை வந்தது. காசு சேர்ப்பவர்கள் பொதுவாக ராஜா காலத்துச் செல்லாத காசைத்தான் தேடுவார்கள். அதற்கு வசதி வேண்டும். எனக்கு இருந்தது, டீ குடித்துவிட்டு மீதி வாங்கும் வசதி மட்டும். ஆகவே செல்லும் காசைச் சேர்க்க ஆரம்பித்தேன்.

அரசாங்கம் அவ்வப்போது எதையாவது நினைவுகூர்ந்து நாணயம் வெளியிடும். யோகா நாளுக்கு ஒன்று, கயிறுத் தொழிலுக்குத் தென்னை மரம் போட்டு ஒன்று, வடக்கே ஒரு மலைக்கோயில் அம்மனுக்கு ஒன்று. இவை கண்ணாடிப் பெட்டிக்குள் போகாமல் நேராகச் சந்தைக்கு வரும். காய்கறிக்காரி இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து எடுத்து உங்கள் கையில் வைப்பாள். நீங்களும் பார்க்காமல் ஆட்டோவுக்குக் கொடுத்துவிடுவீர்கள். பார்க்கிறவன் என்னை மாதிரிப் பைத்தியக்காரன்.

பத்து ரூபாயின் முகம் மாறிக்கொண்டே வந்ததை வைத்து ஒரு சரித்திரமே எழுதலாம். முதலில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு. பிறகு, பத்து என்ற எண்ணின் தலைக்கு மேல் பதினைந்து கோடாகக் கதிர். பிறகு ரூபாய்க் குறி வந்தது. கதிர் பத்தாகக் குறைந்தது. அப்புறம் தானியக் கதிர். ஆண்டுக்குக் கீழே சின்ன நட்சத்திரம் இருந்தால் அது எங்கள் ஐதராபாத் நாணயச் சாலையில் அடித்தது. வெளியூரில் சில்லறை வாங்கும்போது அந்த நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டால், "நம்மூரா?" என்று விசாரிக்கத் தோன்றும். ஒருமுறை விசாரித்தும்விட்டேன். கடைக்காரர், "இல்ல சார், பீகார்" என்றார்.

இதில் ஒரு வேடிக்கை. உலகத்தில் எல்லாப் பொருளுக்கும் ஒழுங்காகச் செய்தால்தான் விலை. நாணயத்துக்குத் தப்பாகச் செய்தால் விலை. என்னிடமிருந்த அம்மன் நாணயம் அப்படிப்பட்டது. எந்த ஊர் நாணயச் சாலை என்று கேட்காதீர்கள்; அவர்களும் மனிதர்கள்தானே. அச்சு நடுவில் விழாமல் ஒரு பக்கமாக விலகி விழுந்திருந்தது. அம்மன் ஓரமாக ஒதுங்கியிருப்பாள். மறு பக்கத்தில் பிறைபோல வெற்றிடம்.

மௌலா அலி ரயில் நிலையத்தில் டீக்கு மீதியாக வந்தது அது. டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்தேன், கடைக்காரர் மனசு மாறுவதற்குள்.

எங்கள் சேகரிப்பாளர் கூட்டத்தை நடத்துபவர் ஜாஃபர் பாய். கோட்டி கடைத்தெருவில் கைக்கடிகாரப் பட்டை விற்பவர். பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, "கிஸ்கேலா சிக்கா, மியா!" என்றார். நழுவின காசாம். என்னை முதன்முறையாக மரியாதையோடு பார்த்தார். அதுவரை கூட்டத்தில் எனக்கு இருந்த வேலை, நாற்காலி போடுவது. நவராத்திரி முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமைக் கண்காட்சியில் எனக்கென்று ஒரு கண்ணாடித் தட்டு ஒதுக்கினார். தலைப்பு நான் வைத்தது: "பத்து ரூபாயின் பல முகங்கள்". நடுநாயகமாக அம்மன்.

பத்துக் கோடா, பதினைந்து கோடா

எங்கள் ஊருக்கு வராதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். இங்கே பத்து ரூபாய் நாணயத்தைக் கடைகளில் வாங்க மாட்டார்கள். வாங்கத்தான் வேண்டும் என்று செல்பேசிக்கெல்லாம் செய்தி வந்தது. செய்தியைப் படித்துவிட்டு, மறுபடி வாங்க மாட்டார்கள்.

காரணம், அந்த முகம் மாறின விவகாரம்தான். பத்துக் கோடு அசல், பதினைந்து கோடு போலி என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். ரூபாய்க் குறி இல்லாவிட்டால் போலி என்று வேறொருவர். கடைசியில், எதற்கு வம்பு என்று எல்லாமே போலி.

எங்கள் குகட்பள்ளி மளிகைக் கடைக்காரரிடம் நான் பாடமே எடுத்திருக்கிறேன். எந்த வடிவம் எதற்குப் பிறகு வந்தது, கோடு ஏன் குறைந்தது, எல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "சார், பாகா செப்பாரு. நோட்டு இவ்வண்டி" என்றார். நன்றாகச் சொன்னேனாம், நோட்டாகக் கொடுக்க வேண்டுமாம்.

கூட வந்த என் மகள் நித்யா காதைக் கடித்தாள். "அப்பா, சலோ. லைன்ல எல்லாரும் பாக்கறாங்க. நக்கோ." வேண்டாமாம், போகலாமாம்.

இந்த ஊரின் அறியாமையைத் திட்டியே என் ரத்த அழுத்தம் ஏறியது. அந்த அறியாமையின் காலில் விழும் நாள் வரும் என்று அப்போது தெரியாது.

இரண்டு சம்படம்

கல்யாணத்தில் கோமதிக்குப் பிறந்த வீட்டில் கொடுத்த எவர்சில்வர் சம்படங்கள் இரண்டு எங்கள் வீட்டில் உண்டு. ஒரே அளவு. இரண்டு மூடியிலும் அவள் பெயர் வெட்டியிருக்கும்.

கொலுவுக்கு வரும் பெண்களுக்கு வெற்றிலை பாக்கோடு ஒரு காசும் வைத்துக் கொடுப்பது வழக்கம். அதற்கு வங்கியில் பளபளவென்று புதுக் காசு வாங்கி வருவது, வீட்டில் என்னை நம்பி ஒப்படைத்திருக்கும் ஒரே பொறுப்பு. இந்த முறை வாங்கி வந்து ஒரு சம்படத்தில் போட்டேன். கண்ணாடித் தட்டில் அடுக்குவதற்காக என் நாணயங்களைப் பிளாஸ்டிக் உறைகளிலிருந்து எடுத்து, மெத்துத் துணி விரித்து, இன்னொரு சம்படத்தில் வைத்தேன். இரண்டையும் ஒரே அலமாரியில் வைத்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். கோமதி கேட்டுவிட்டாள், நிறையக் கேட்டுவிட்டாள்.

"புதுக் காசு எங்க வச்சிருக்கிய?" என்று கொலுவின் முதல் நாள் உள்ளிருந்து குரல் வந்தது.

"சம்படத்துல" என்றேன், சுண்டலை மென்றுகொண்டே.

எந்தச் சம்படம் என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒன்பது நாளும் என் சேகரிப்பு வெற்றிலைமேல் ஏறி, மஞ்சள், குங்குமம், ரவிக்கைத் துணி சகிதம் குகட்பள்ளிக்குள்ளும் வெளியும் போயிற்று. சில பைகளை நானே வாசல்வரை கொண்டுபோய்க் கொடுத்தேன். "அவசியம் அடுத்த வருஷமும் வரணும்" என்று வேறு சொன்னேன்.

பொம்மைகள் பெட்டிக்குள் போன மறுநாள், அலமாரியில் மிஞ்சியிருந்த சம்படத்தைத் திறந்தேன். உள்ளே வங்கிக் காசு, எல்லாம் ஒரே முகமாய்ச் சிரித்தது.

நித்யா எட்டிப் பார்த்தாள். "பூரா கலெக்ஷன் காலியா? அம்மா, யூ ஆர் எ லெஜண்ட்!"

கோமதிக்குச் சிரிப்பு வரவில்லை. யோசித்தாள். "அம்மன் இருக்குத காசு... அத நான்தான் பாத்து எடுத்து வச்சேன். போலாரம் பத்மா மாமிக்கு."

பத்மா மாமியின் கணவர் ராணுவக் கணக்கு அலுவலகத்தில் இருந்தவர். அவர் போனபிறகு, எந்தக் கொலு வீட்டிலும் தாம்பூலத் தட்டு வெளியே வரும் நேரம் பார்த்து மாமி சமையலறையில் டம்ளர் கழுவப் போய்விடுவார். யாரும் போகச் சொல்வதில்லை. யாரும் போகாதீர்கள் என்றும் சொல்வதில்லை. இந்த வருஷம் கோமதி சமையலறைக்குப் போய், கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கி வைத்துவிட்டு, மாமியைக் கூடத்தில் உட்காரவைத்து, முதல் தாம்பூலத்தை அவருக்குக் கொடுத்தாள். வந்திருந்தவர்களில் இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள் என்று நித்யா சொன்னாள்.

"இந்தா பாருங்க" என்றாள் கோமதி. "வச்சுக் குடுத்தத திருப்பிக் கேட்டு எவ வீட்டு வாசல்லயாவது நின்னிய, பெறகு இந்த வீட்டு வாசல்ல நீங்க நிக்க முடியாது. அதுலயும் மாமிட்ட கேட்டியன்னு தெரிஞ்சுது..."

வாக்கியத்தை முடிக்கவில்லை. முடித்திருந்தால் அவ்வளவு பயமாக இருந்திருக்காது.

பொதுச் சேவை

கேட்கத்தானே கூடாது? மாற்றலாமே!

பத்து ரூபாய் நோட்டுக் கட்டோடு கிளம்பினேன். மாடி வீட்டுப் பெண்மணியிடம் ஆரம்பித்தேன். "கடைல பத்து ரூபா காயின் வாங்க மாட்டேங்கிறானாமே? எங்கிட்ட குடுங்க. நோட்டா தரேன். ஒரு சேவைதான்."

"அண்ணா, நீங்க நல்லா இருக்கணும்!" என்று அவர் ஒரு டப்பாவையே கவிழ்த்தார். கொலுக் காசு ஒன்று இருந்தது, யோகா நாள். மற்றதெல்லாம் அவர் பல வருஷமாகச் செலவழிக்க முடியாமல் வைத்திருந்தது. "இது மட்டும் போதும்" என்று எப்படிச் சொல்வது? எல்லாவற்றுக்கும் நோட்டுக் கொடுத்தேன்.

நல்ல செய்தி எங்கள் காலனியில் குழாய்த் தண்ணீரைவிட வேகமாக வரும். சாயங்காலத்துக்குள் இட்லி வண்டிக்காரம்மா ஒரு பையோடு வந்தார். ஆட்டோ ஓட்டுநர் ஒருவர், "சார், காயின் தீஸ்குண்டாருட்ட கதா?" என்று, நான் காசு வாங்கிக்கொள்வதைக் கேள்விப்பட்டு, விலாசம் விசாரித்து வந்தார். அவர் எங்கள் கொலுவுக்கே வரவில்லை. அவரிடமும் வாங்கினேன்.

சாப்பாட்டு மேஜையில் குவியல். கோமதி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"இத்தன காசையும் என்ன செய்யப் போறிய?"

"கடைல வாங்க மாட்டானே."

"அது தெரியும். அதனாலதான கேக்கேன்."

ஆனால் குவியலைக் கிளறக் கிளற என் ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். தென்னை மரம் வந்தது. பதினைந்து கோடு வந்தது. ஒன்றுகூடச் செலவாகியிருக்கவில்லை. எப்படிச் செலவாகும்? எந்தக் கடையில் வாங்குவான்? இத்தனை காலம் நான் சபித்த வதந்தி, என் சேகரிப்பை வீடு வீடாகப் பத்திரப்படுத்தி வைத்திருந்தது. மளிகைக் கடைக்காரருக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

அம்மன் மட்டும் வரவில்லை.

மறுபடியும் போலாரம்

ஆகவே சனிக்கிழமை காலை பஸ் பிடித்துப் போலாரம் போனேன். "இந்தப் பக்கம் ஒரு வேலையாக வந்தேன்" என்றேன். ராணுவக் குடியிருப்பும் பள்ளிக்கூடமும் தவிர வேறெதுவும் இல்லாத இடத்தில் எனக்கு என்ன வேலை என்று மாமி கேட்கவில்லை. காபி கொடுத்தார். பூஜையறையைக் காட்டினார். இப்படியாக நாம் முதல் வரிக்கு வந்து சேர்ந்தோம்.

மாற்றிக்கொள்ளும் வித்தை அங்கே செல்லாது என்று பார்த்ததுமே புரிந்தது. நோட்டைக் கொடுத்து அம்மனை வாங்குவதா? நாணயத்துக்கு ஒரு சின்ன வெள்ளிக் கிண்ணம், ஒரு செம்பருத்தி.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன்" என்றார் மாமி. "நீங்க காசெல்லாம் சேக்கறவராமே. இது நல்ல காசுதானே?"

"ஏன் மாமி?"

"எதிராத்துக்காரி பாத்துட்டு சிரிச்சா. இது கடையிலயே வாங்க மாட்டான், அச்சு வேற கோணிண்டு இருக்கு, கள்ளக் காசேதான்னு சொல்லிட்டா. கோமதி தெரிஞ்சு செய்யறவ இல்லை. அது எனக்குத் தெரியாதா? ஆனா இத்தனை வருஷம் கழிச்சு ஒருத்தி கூப்பிட்டு வச்சுக் குடுத்து, அதுவும் செல்லாததா வந்துடுத்தேன்னு..." புடவைத் தலைப்பால் கிண்ணத்தின் விளிம்பைத் துடைத்தார். "கள்ளக் காசுன்னா சொல்லிடுங்கோ. எடுத்துண்டு போயிடுங்கோ. பூஜையில வைக்கப்படாது."

பார்த்தீர்களா? நான் கேட்கவில்லை. அவராகவே எடுத்துக்கொண்டு போகச் சொல்கிறார். கோமதியின் சட்டத்தில் இதற்குத் தடை இல்லை. நான் சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை: "ஆமாம்." ஊரே சொல்கிற வார்த்தை. மளிகைக் கடைக்காரர் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்கிறார், அவருக்கு என்ன குறைந்துவிட்டது?

வாயைத் திறந்தேன்.

நான் நல்லவன் என்று நினைத்துவிடாதீர்கள். என்னைத் தடுத்தது நல்ல மனசா, திமிரா என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. நல்ல காசைக் கள்ளக் காசு என்று ஒருத்தி சொல்லிவிட்டுப் போவதா? அதுவும் என் அம்மனை? எனக்கு ரத்தம் கொதித்தது.

"மாமி, இது நூத்துக்கு நூறு அசல்! எதிர் வீட்டம்மாவக் கூப்பிடுங்க, நான் பேசறேன்" என்று ஆரம்பித்தேன். ஓரத்து வெட்டைக் காட்டினேன். வளையமும் நடுவட்டமும் சேரும் இடத்தைக் காட்டினேன். கோடு மாறின கதை, குறி வந்த கதை, எல்லாம் சொன்னேன். காபி ஆறி ஏடு கட்டியது. மாமி மளிகைக் கடைக்காரரைவிடப் பொறுமைசாலி.

"கோமதி வீட்ல இருந்த காசுலேயே ஒசத்தி இதுதான் மாமி. பாத்து எடுத்துத்தான் உங்களுக்கு வச்சா" என்று முடித்தபோது, என் கண்காட்சிக்கு நானே கொள்ளி வைத்துவிட்டது உறைத்தது.

மாமி நாணயத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். "அப்போ அம்பாள் ஏன் நடுவுல இல்லே?"

அச்சுப்பொறி, தகடு, விலகல் என்று தொண்டைவரை வந்தது. அதற்குள் அவரே சொன்னார்:

"நானா ஒண்ணு நெனச்சுண்டேன், சொன்னா சிரிப்பேள். பஸ்ல ஏறினா, லேடீஸ் சீட்ல இருக்கறவா, வாங்கோ மாமின்னு கொஞ்சம் நகர்ந்து இடம் குடுப்பாளே. அந்த மாதிரி நகர்ந்து உக்காண்டிருக்கா. பாருங்கோ, பக்கத்துல எத்தனை இடம்."

பார்த்தேன். பிறைபோல இருந்த அந்த வெற்றிடத்தைப் பூதக்கண்ணாடி வைத்து எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அதில் ஒருவர் உட்காரலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

"அதேதான் மாமி" என்றேன்.

வீட்டில் கோமதி கதவைத் திறந்ததும் முகத்தைப் பார்த்தாள். "கேட்டியளா?"

"கேக்கல."

"காசு?"

"அங்கதான் இருக்கு. அங்கதான் இருக்கும்."

அன்று ராத்திரி, மாமி சொன்ன பஸ் சீட் கதையைச் சொல்லி முடித்தபோது, தோசைக்குக் கேட்காமலே நெய் விழுந்தது.

காலி வட்டம்

ஞாயிற்றுக்கிழமை. கண்ணாடித் தட்டில் நீல வெல்வெட். நாணயத்துக்கு ஒன்றாக வெட்டின வட்டக் குழிகள். சுற்றிலும் எல்லாம் நிறைந்திருக்க, நட்டநடுவில் ஒரு குழி காலி.

ஜாஃபர் பாய் வந்தார். "தேவி கிதர், மியா?" அம்மன் எங்கே என்கிறார்.

"பூஜையில."

"கைக்கு?" ஏன் என்கிறார்.

எப்படி விளக்குவது? ஒரு அட்டையில் எழுதி வைத்தேன்: "இந்த இடத்து நாணயம் தாம்பூலத்தில் வைத்துக் கொடுக்கப்பட்டுவிட்டது. கேட்டு வாங்கும் வழக்கம் இல்லை." நித்யா அதையே இந்தியிலும் இங்கிலீஷிலும் எழுதினாள். ஜாஃபர் பாய் தலையில் அடித்துக்கொண்டு போனார். மறுபடி நாற்காலி போடும் உத்தியோகம்தான் என்று முடிவு செய்தேன்.

ஆனால் கூட்டம் என்னவோ அந்தக் குழியைச் சுற்றித்தான். இருக்கிற நாணயங்களை ஒரு பார்வை பார்த்தார்கள். இல்லாத நாணயத்தைக் குனிந்து, நிமிர்ந்து, கண்ணாடி மாற்றிப் பார்த்தார்கள். வெளியூர் வியாபாரி ஒருவர், அந்த வீட்டு விலாசம் மட்டும் கொடுத்தால் போதும் என்று, என் ஒரு மாத ஓய்வூதியத்தை விலையாகச் சொன்னார். ஓய்வூதியம் வாங்குகிறவனுக்கு அந்தத் தொகை எவ்வளவு என்று சரியாகத் தெரியும்.

அப்போதுதான் கோமதி பட்டுப்புடவையில் வந்து சேர்ந்தாள். அட்டையைப் படித்தாள். வியாபாரியைப் பார்த்தாள்.

"அது நான் வச்சுக் குடுத்தது. அந்த வீட்டு விலாசம் எல்லாம் தர மாட்டோம்" என்றாள் தமிழில். நித்யா மொழிபெயர்க்க வாயெடுத்தாள். அவசியப்படவில்லை. வியாபாரி ஒரு அடி பின்னால் போனார்.

"ஹவ்!" என்று ஆமோதித்து மெச்சினார் பக்கத்திலிருந்த ஜாஃபர் பாய். அந்தக் காசை இவள்தான் தானமாகக் கொடுத்தாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்கிறது. பணிவாகக் கேட்டார்: "பாபி, அக்லா கொலு கப் ஹை? ஹமாரி பேகம்கூ பேஜூம்?"

அடுத்த கொலுவுக்கு அவர் பேகத்தை அனுப்பலாமா என்கிறார். அவ்வளவுதான். பின்னாலிருந்த ஒருவர் தன் மனைவியும் வருவாள் என்றார். இன்னொருவருக்கு இரண்டு மைத்துனிகளாம். ஊரில் பாதி நாணயச் சேகரிப்பாளர்களின் குடும்பம் எங்கள் வீட்டுத் தாம்பூலத்துக்கு அங்கேயே பெயர் கொடுத்தது.

கோமதிக்குக் கொலுவுக்கு ஆள் வருவதென்றால் தலைகால் புரியாது. விரல் விட்டு எண்ணினாள். பத்மா மாமியை ஒன்பது நாளும் இங்கேயே தங்கச் சொல்லிவிடலாம், இத்தனை பேருக்கு வைத்துக் கொடுக்க இன்னொரு கை வேண்டும் என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, இந்த மாதிரி நகர்ந்து உக்காந்த காசு இன்னும் எத்தன வேணும்னு இப்பவே சொல்லிப்புடுதேன். நீங்க போய் மௌலா அலில டீ குடிக்க ஆரம்பிங்க."